காலாவதியான நோட்டும் காலாவதியாகாத கடனும்

போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டிடத்தில் கமிட்டிக் கூட்டம் முடிந்தது. டீ வந்துகொண்டிருந்த நேரம். நூற்பாலைத் தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்து ஒரு கேள்வியைப் போட்டார். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி. ஆனால் அன்று பேசிய எல்லா விஷயங்களையும்விட அதிக நேரம் பிடித்த கேள்வி அதுதான்.

"அண்ணா, நம்ம மில்லிலே ரிட்டயர் ஆன பெரியவர்கிட்டே நாற்பதாயிரம் கைமாற்று வாங்கினேன். ஒரு வட்டி. நோட்டு எழுதிக் கொடுத்தேன். சம்சாரத்து ஆஸ்பத்திரிச் செலவு, அப்புறம் லே-ஆஃப், ஒரு பைசா கட்ட முடியவில்லை. போன மாசத்தோடு மூன்று வருஷம் முடிந்துபோச்சு. 'பேசாமல் இருங்க, நோட்டு செத்துப்போச்சு, தாவா போட்டாலும் தள்ளுபடிதான்' என்கிறார் வக்கீல் குமாஸ்தா. பேசாமல் இருக்கலாமா? கட்சி என்ன சொல்கிறது?"

அவ்வளவுதான். அறை இரண்டாகப் பிளந்துவிட்டது. "வட்டிக்கு விடுகிறவன் எவனாயிருந்தாலும் வட்டிக்காரன்தானே! மல்லையா ஒன்பதாயிரம் கோடியை வைத்துவிட்டு லண்டனுக்குப் போகவில்லையா? நாற்பதாயிரத்துக்கா நமக்கு நியாயம் பேசவேண்டும்?" என்றார் ஓர் இளைஞர். "வாங்கின கடனைத் தராதவன் மனுஷனா? சட்டம் விட்டாலும் மனசாட்சி விடுமா?" என்றார் மூத்த தோழர் ஒருவர். இரு தரப்புக்கும் கைதட்டல் விழுந்தது.

இரண்டு பதிலும் பாதிப் பதில்தான் என்று நான் நினைக்கிறேன். பாதிப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு தொழிலாளி குடும்பம் நடத்த முடியாது, சங்கமும் நடத்த முடியாது. இன்று கடனில்லாத தொழிலாளி வீடு எது? தறி ஓட்டுகிறவரானாலும், பஸ் ஓட்டுகிறவரானாலும், கட்டிட வேலைக்குப் போகிற பெண் தோழரானாலும், நகைக் கடன் ஒன்று, குழுக் கடன் ஒன்று, வண்டித் தவணை ஒன்று, செல்போனில் வந்த கடன் ஒன்று என்று நான்கு பக்கமும் கயிறு. ஆகவே இதை ஒரு தனி மனிதரின் சங்கடம் என்று ஒதுக்கிவிடாமல், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் குமாஸ்தா சொன்னது உண்மையா? உண்மைதான். 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின்படி, கேட்டவுடன் தருவதாக எழுதிய பிராமிசரி நோட்டுக்கு நோட்டின் தேதியிலிருந்து மூன்று வருஷம். அதற்குள் தாவா போடாவிட்டால் கோர்ட் அதை ஏற்காது. எதிராளி அந்த வாதத்தை எடுத்துச் சொல்லாவிட்டாலும்கூட, கோர்ட்டே பார்த்துத் தள்ளிவிட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு. வீடு, நிலம் ஈடு வைத்த கடனாக இருந்தால் பன்னிரண்டு வருஷம்.

இந்தக் கணக்கு வட்டித் தொழில் செய்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இரண்டே முக்கால் வருஷம் ஆனதும் அவன் ஆளை அனுப்புகிறான். "இருக்கிற நூறு ரூபாயைக் கொடப்பா, நோட்டின் பின்பக்கம் வரவு வைத்துக் கையெழுத்துப் போடு, போதும்" என்று தேனாகப் பேசுகிறான். அந்த ஒரு வரவு விழுந்தால் மறுபடி மூன்று வருஷம் புதிதாகத் தொடங்கும். விஷயம் தெரியாத தொழிலாளி, "பாவம், நூறு ரூபாயோடு விட்டுவிட்டான்" என்று நினைத்துக்கொள்கிறான்.

மில் பெரியவருக்கு இந்த வித்தை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், ஒன்றாக ஷிப்டு பார்த்த மனிதனிடம் போய் வரவு வைக்கச் சொல்லக் கூச்சப்பட்டிருப்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குமாஸ்தா சொல்லாமல் விட்ட பாதி ஒன்றும் உண்டு. நோட்டு செத்துப்போகலாம், கடன் சாகவில்லை. கெடு முடிந்தால் கோர்ட்டுக்குப் போகும் வழிதான் அடைபடுகிறது, கடன் அழிவதில்லை என்பது நம் கோர்ட்டுகள் பலமுறை சொல்லியிருக்கிற விஷயம். கெடு தாண்டிய கடனைத் தருவதாகக் கடன்பட்டவர் மறுபடி எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த வாக்குறுதி செல்லும் என்று 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே, 25-வது பிரிவில், இடம் வைத்திருக்கிறது. அதாவது அந்தச் சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது, கோர்ட் கைவிட்ட பிறகும் மனிதர்கள் கடனைத் தர விரும்பக்கூடும் என்று!

எது ஓட்டை, எது கவசம்?

"சட்டத்தின் ஓட்டை" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பது சரியல்ல. ஏழையைக் காப்பாற்ற வேண்டுமென்றே போட்டு வைத்த விதிகளை ஓட்டை என்று சொல்வது யாருடைய பேச்சு? கடன் கொடுப்பவனுடைய பேச்சு!

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவைப் பாருங்கள். டிக்ரி ஆகி அமீனா வாசலில் வந்து நின்றாலும், உடுத்தும் துணியை, சமையல் பாத்திரத்தை, படுக்கையை, தொழிலாளியின் கைக் கருவிகளை ஜப்தி செய்யக்கூடாது. கூலியாளின் கூலியைத் தொடக்கூடாது. மாதச் சம்பளமானால் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். பிராவிடண்ட் பண்டைத் தொட முடியாது. இதைக் காட்டி ஒரு தச்சர் தம் உளியைக் காப்பாற்றிக்கொண்டால் அவர் ஏமாற்றுக்காரரா?

1938-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1937 அக்டோபர் முதல் தேதியில் நிலுவையாக நின்ற வட்டி ரத்து. அசலுக்கு இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது அந்தச் சட்டம். ராஜாஜியின் அரசியலுக்கும் நமக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இருந்தாலும் அந்தச் சட்டம் சொன்ன நியாயம் சரியான நியாயம். அசலைப்போல் இரண்டு பங்கு வாங்கிய பிறகு கேட்பது கடனல்ல, கப்பம்.

கடனுக்காகச் சிறையில் போடுவது இன்னொன்று. டிக்ரிப் பணம் கட்டவில்லை என்றால் ஆளைப் பிடித்து உள்ளே வைக்கும் பழைய ஏற்பாடு சட்டப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது. 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதற்குக் கடிவாளம் போட்டது. கட்டவில்லை என்பது மட்டும் போதாது. கட்ட வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு ஏமாற்றுகிறான் என்று காட்டினால்தான் சிறை, வெறும் வறுமைக்காகச் சிறை இல்லை என்றது. தீர்ப்பை எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தில் தோழர் இ. எம். எஸ். தலைமையில் அமைந்த மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்த அதே கிருஷ்ணய்யர்தான்.

இவையெல்லாம் ஓட்டையல்ல, கவசம். கந்து வட்டிக்காரனிடமும் மீட்டர் வட்டிக்காரனிடமும் தொழிலாளி இந்தக் கவசத்தைக் கூச்சமில்லாமல் எடுத்து அணிந்துகொள்ள வேண்டும். 2017 அக்டோபர் 23-ல் நெல்லை கலெக்டர் ஆபீசில், கந்து வட்டிக் கொடுமைக்கு மனுமேல் மனு கொடுத்துப் பயனில்லாமல், ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே, இரண்டு பெண் குழந்தைகளோடு மாண்டுபோனதை நாம் மறந்துவிட்டோமா? கந்து வட்டியைத் தடை செய்யும் சட்டம் 2003 முதல் இருக்கிறது. மூன்று வருஷம் வரை சிறை என்கிறது. பலாத்கார வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. மனு கொடுத்தவனைக் காப்பாற்ற ஓர் அதிகாரியும் எழுந்திருக்காத இடத்தில், காலாவதி என்ற ஒற்றை வாதம்தான் அவன் உயிரைக் காக்கும் என்றால், அவன் அதைச் சொல்லட்டும். அவனைப் பார்த்து "மனசாட்சி" என்று பேச நமக்கு நாக்கு வராது.

பெரிய இடத்து ஓட்டைகள்

மல்லையாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 மார்ச் 2-ந் தேதி அவர் நாட்டை விட்டுப் போனது நிஜம். ஆனால் பிறகு அவருடைய சொத்துக்களை விற்றதில் 14,131 கோடி ரூபாய் பாங்குகளுக்குத் திரும்பி வந்துவிட்டதாக 2024 டிசம்பரில் நிதி மந்திரி பார்லிமெண்டில் சொன்னார். ஆகையால் இளைஞர் தோழர் எடுத்த உதாரணம் அவ்வளவு சரியில்லை. ஓடிப்போகிற முதலாளி முட்டாள். கெட்டிக்கார முதலாளி ஓடுவதில்லை; சட்டத்தின் ராஜபாட்டையிலேயே நடந்து போகிறான்.

வீடியோகான் கம்பெனியைப் பாருங்கள். ஒப்புக்கொள்ளப்பட்ட கடன் சுமார் 64,800 கோடி ரூபாய். 2021 ஜூனில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்ற திட்டத்தின்படி கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைக்கவிருந்தது 2,962 கோடி. நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்கூட இல்லை! ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்கவில்லை என்று தீர்ப்பாயமே நொந்துகொண்டு, அதே உத்தரவில் அனுமதியும் கொடுத்தது. அடுத்த ஜனவரியில் மேல் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்படி ஒரு பேரத்தைக் கோர்ட் மேஜையில் வைக்கக் கூச்சப்படாத துணிச்சல் எங்கிருந்து வந்தது?

2014-15 முதல் ஒன்பது வருஷங்களில் வணிக பாங்குகள் ஏட்டிலிருந்து நீக்கிய வராக்கடன் 14 லட்சத்து 56 ஆயிரம் கோடி ரூபாய் என்று 2023 ஆகஸ்டில் சர்க்காரே பார்லிமெண்டில் சொன்னது. அதில் பாதிக்கு மேல், 7 லட்சத்து 40 ஆயிரம் கோடிக்கு மேல், பெரிய தொழில்களுக்கும் சேவைகளுக்கும் கொடுத்தது. "நீக்கினோம் என்றால் தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும்" என்பார்கள். சரி, நீக்கிய கடன்களில் வசூலானது எவ்வளவு? அவர்கள் கணக்கிலேயே 2 லட்சத்து 4 ஆயிரம் கோடி.

இது போதாதென்று 2023 ஜூன் 8-ந் தேதி ரிசர்வ் பாங்க் ஒரு சுற்றறிக்கை விட்டது. வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்களோடும், மோசடி என்று முத்திரை குத்தப்பட்டவர்களோடும்கூடப் பாங்குகள் சமரசம் பேசிக் கணக்கை முடிக்கலாம். குறைந்தது ஒரு வருஷம் பொறுத்து மறுபடி கடனும் தரலாம் என்றது. பாங்க் ஊழியர், அதிகாரிகள் சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. நாற்பதாயிரத்துக்குத் தூக்கமிழந்து சங்கத்தில் வந்து கேட்கிறான் நம் தோழன். மோசடி முத்திரை குத்தப்பட்டவனுக்கோ சமரச நாற்காலி!

கடன் கொடுக்கிறவன் கையிலும் ஓட்டைகள் உண்டு. நிரப்பாத செக்கில் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைக்கிறானே, எதற்கு? பணம் வரவில்லையென்றால் தனக்கு வேண்டிய தொகையை நிரப்பிப் பாங்கில் போட்டு, அது திரும்பியதும் கிரிமினல் கேஸ் போடத்தான். சிவில் கடனுக்காகச் சிறையில் போடக்கூடாது என்று முன் வாசலில் சொன்ன சட்டம், செக் என்ற பின் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டு வருஷம் வரை சிறை.

வட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாங்க் வாங்கும் வட்டி அதிகம் என்று கோர்ட் கணக்கை மறுபடி திறக்கக்கூடாது என்று 1984-ல் பாங்கிங் சட்டத்தில் 21-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கிரெடிட் கார்டு கம்பெனிகள் வருஷத்துக்கு நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வட்டி வாங்குவது அநியாய வியாபாரம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. பதினாறு வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 20-ல், சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. கந்து வட்டிக்காரன் வாங்கினால் குற்றம். கண்ணாடிக் கட்டிடத்தில் உட்கார்ந்து கார்டில் வாங்கினால் வியாபாரம்.

இவ்வளவையும் அடுக்கியது எதற்கு? "அவர்கள் செய்கிறார்கள், ஆகவே நாமும்" என்று முடிப்பதற்கு அல்ல. அப்படி முடிக்கிறவன் முதலாளியின் சீடனாகிவிடுகிறான். அந்த நீதியையே தன் நீதியாக எடுத்துக்கொள்கிறான். கடனைப் பற்றித் தொழிலாளிக்கு நீதி போதிக்கும் தகுதி இந்த அமைப்புக்குக் கிடையாது என்று காட்டவே இதைச் சொன்னேன். போதிக்க வேண்டியது நாமே நமக்கு.

ஜாமீன் கையெழுத்து

பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். எங்கள் பகுதித் தொழிலாளர் சிக்கன நாணயச் சங்கத்தில் ஒரு விஷயம் நடந்தது. பெயர் வேண்டாம். ஒரு தொழிலாளி லட்ச ரூபாய் கடன் வாங்கினார். இரண்டு சக தொழிலாளிகள் ஜாமீன். ஆறு மாசம் பிடித்தம் ஓடியது. பிறகு வேலையை விட்டுவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். கிராஜுவிட்டியும் பிராவிடண்ட் பண்டும் கையில். இரண்டையும் யாரும் ஜப்தி செய்ய முடியாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சட்டப்படி சரிதான். 60-வது பிரிவு. மேலே நான் கவசம் என்று புகழ்ந்த அதே பிரிவு!

யார் கட்டியது? ஜாமீன் போட்ட இரண்டு பேர். ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு சொல்கிறது: கடனாளிக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரனுக்கும் உண்டு. அவனைத் தேடிப் பிடித்துவிட்டு வா என்று சொல்ல ஜாமீன்தாரனுக்கு உரிமையில்லை. மாசா மாசம் இவர்கள் சம்பளத்தில் பிடித்தம். ஒருவர் மகளுடைய காலேஜ் பீஸை இரண்டாவது வருஷம் கட்டவில்லை. அந்தப் பெண் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பனியன் கம்பெனிக்குப் போனது. இன்றும் அந்த மனிதர் சங்கத்துக்கு வருவார், சந்தா கொடுப்பார். ஆனால் யார் என்ன காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடமாட்டார். வேலைநிறுத்த நோட்டீசில் கையெழுத்து வாங்குவதற்குக்கூட நான் மூன்று முறை அவர் வீட்டுக்கு நடந்தேன்.

பெண்களின் குழுக் கடன் முழுவதும் இந்த ஜாமீன் தத்துவத்தில்தான் நிற்கிறது. ஒருத்தி தவணை கட்டவில்லையென்றால், கம்பெனி ஆள் அவள் வீட்டுக்குப் போகமாட்டான். மற்றப் பெண்களை சென்டரில் உட்காரவைத்து, "அவள் பணத்தை நீங்கள் போட்டால்தான் எழுந்து போகலாம்" என்பான். அக்கம் பக்கத்து நட்பையே ஈடாக எழுதி வாங்கிக்கொண்ட கடன் இது. என்ன தந்திரம் பாருங்கள்! வட்டி கம்பெனிக்கு, வசூல் வேலை பக்கத்து வீட்டுக்காரிக்கு. மூன்று லட்சத்துக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக்கூடாது என்று ரிசர்வ் பாங்க் 2022-ல் விதி செய்தது. பாதி வருமானம் தவணைக்குப் போவதே அதிகம். அந்த விதியையாவது கேட்டு வாங்க ஆளில்லை. இங்கே ஒரு பெண் சத்தமில்லாமல் நழுவினால் கம்பெனிக்கு ஒரு காசு நஷ்டமில்லை. பத்துப் பெண்களும் சேர்ந்து, "இந்த வட்டிக்கு இந்தத் தவணை கட்ட முடியாது, மாற்றி எழுது" என்று நின்றால்தான் கம்பெனிக்கு உறைக்கும்.

இங்கேதான் நான் கோடு போடுகிறேன். சட்டத்தின் எந்தப் பிரிவைப் பயன்படுத்துகிறோம் என்பதைவிட, நாம் கட்டாமல் விடும் ரூபாய் யார் மடியிலிருந்து போகிறது என்று பார்க்க வேண்டும். கந்து வட்டிக்காரன் அசலைப்போல் இரண்டு பங்கு எடுத்த பிறகு விட்டுப்போவது அவனுடைய கொள்ளை லாபம். சிக்கனச் சங்கத்தில் விட்டுப்போவது இரண்டு தோழர்களுடைய குழந்தைகளின் சோறு. ஒரே சட்டம், ஒரே பிரிவு, இரண்டும் ஒன்றாகிவிடுமா?

கூட்டுறவு நகைக் கடன் விஷயத்திலும் இதைப் பார்த்தோம். 2021-ல் ஐந்து சவரன் வரையிலான நகைக் கடன் தள்ளுபடி என்று வந்தது. நல்ல காரியம். ஆராய்ந்து பார்த்தபோது சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டன. அதில் பெரும்பாலோர் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. விதிகளே அப்படி எழுதப்பட்டிருந்தன. ஆனால் ஒரே ஆள் பல சங்கங்களில் ஐந்தைந்து சவரனாகப் பிரித்து அடகு வைத்த சங்கதியும் வெளிவந்தது. பத்துப் பாத்திரம் தேய்க்கிற பெண்ணின் ஒற்றைச் சங்கிலி காத்திருக்க, ஐம்பது சவரன்காரன் பத்துச் சீட்டோடு வரிசையில் முன்னால் நின்றான். அவனும் சட்டத்தின் ஓட்டையைத்தான் பயன்படுத்தினான்!

பொய்ச் சத்தியம்

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கெடு தாண்டிவிட்டது என்று கோர்ட்டில் சொல்வது வேறு; "நோட்டில் இருப்பது என் கையெழுத்தே இல்லை" என்று கூண்டில் ஏறிச் சத்தியம் செய்வது வேறு. தாவா வரும் என்று தெரிந்ததும் வீட்டை மைத்துனன் பேருக்கு எழுதி வைப்பது வேறு. அப்படி எழுதினால் செல்லாதென்று தள்ளச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-வது பிரிவு இடம் தருகிறது என்பது இருக்கட்டும். கந்து வட்டிக்காரனிடமேகூட நம் தோழர் இதைச் செய்யக்கூடாது என்பேன். வட்டிக்காரன்மேல் இரக்கப்பட்டு அல்ல. நாளை லேபர் கோர்ட்டில் முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல நாம் கொண்டுபோய் நிறுத்தப்போவது இதே ஆளைத்தான். முதலாளியின் வக்கீல் பழைய கேஸ் கட்டை எடுத்துப் பிரித்தால் என்ன ஆகும்?

இப்போது புதிதாகத் தரகர்கள் கிளம்பியிருக்கிறார்கள். செல்போனைத் திறந்தால் விளம்பரம்: "கடன் தொல்லையா? கட்டாதீர்கள், எங்களிடம் விடுங்கள், பாதியில் முடித்துத் தருகிறோம்." மாசா மாசம் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள், அதற்குள் அபராத வட்டி ஏறுகிறது, சிபில் கணக்கு பாழாகிறது. பாங்க் சமரசத்துக்கு வந்தால் அதைத் தொழிலாளி நேரில் போயே பேசலாம், சங்கத் தோழர் ஒருவர் கூடப் போனால் போதும். வசூல் ஏஜெண்டுகள் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் போன் செய்யக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்க் போட்ட விதியைச் சொல்ல ஒரு தரகன் எதற்கு? இதைச் சுவரொட்டியாக அடித்து ஒட்டினாலே பாதிப் பேருக்குத் தைரியம் வரும். கிளைகள் கவனிக்கட்டும்.

புத்தகத்தில் தூங்கும் அத்தியாயம்

உண்மையிலேயே கட்ட வழியில்லாதவன் என்ன செய்வது? நம் ஊர்களில் "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டான்" என்று கேலியாகச் சொல்வோமே, அந்த ஐ.பி., 1920-ம் வருஷத்து மாகாணத் திவால் சட்டம். சென்னை நகரத்துக்கு 1909-ம் வருஷத்துச் சட்டம். இருக்கிற சொத்தையெல்லாம் ஒளிக்காமல் காட்டிக் கோர்ட்டில் ஒப்படைத்து, பாக்கிக்கு விடுதலை கேட்கும் வழி அது. யோக்கியமான வழிதான். ஆனால் மஞ்சள் நோட்டீஸ் என்றால் முகத்தில் கரி பூசியதுபோல் ஊர் பார்க்கிறது. விடுதலை பெறாத திவாலாளி சட்டமன்றத்துக்கு நிற்கவும் முடியாது. இதே காரியத்தைக் கம்பெனி செய்தால் பத்திரிகைகள் "சீரமைப்பு" என்று மரியாதையாக எழுதுகின்றன!

2016-ல் பார்லிமெண்ட் புதிய திவால் சட்டம் இயற்றியது. அதில் "புதிய தொடக்கம்" என்று ஏழைக்காக ஓர் அத்தியாயம் உண்டு. வருஷ வருமானம் அறுபதாயிரத்துக்கு மேற்படாமல், சொந்த வீடு இல்லாமல், சொத்து இருபதாயிரத்துக்குள், கடன் முப்பத்தைந்தாயிரத்துக்குள் இருந்தால், அந்தக் கடன்களிலிருந்து விடுதலை கேட்கலாம். தொகைகள் அற்பம்தான், ஆனாலும் கொள்கை ஒப்புக்கொள்ளப்பட்டது. கம்பெனிகளுக்கான பகுதி அந்த வருஷமே அமலுக்கு வந்தது. தனி மனிதர் பகுதியை 2019 டிசம்பர் முதல் தேதி திறந்தார்கள். அதுவும் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள்மேல் நடவடிக்கை எடுப்பதற்கு மட்டும். ஏழையின் அத்தியாயத்தை அமலாக்கும் அறிவிப்பு அப்போதும் வரவில்லை. அச்சான புத்தகத்தில் அது தூங்கிக்கொண்டிருக்க, ஏழைக்கு மிஞ்சியது அந்தப் பழைய மஞ்சள் நோட்டீஸ்தான். நேரான வாசலைப் பூட்டி வைத்துவிட்டு, சுவரில் ஓட்டை வழியாகப் புகுந்தான் என்று அவனைக் குற்றம் சாட்டுகிறார்கள். அந்த அத்தியாயத்தைத் திற, தொகைகளை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்து என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டிய விஷயம்.

நூற்பாலைத் தோழருக்கு அன்று நான் சொன்னது இவ்வளவு விரிவாக அல்ல. "அந்தப் பெரியவர் கொடுத்த நாற்பதாயிரம் எது தெரியுமா? முப்பது வருஷம் பஞ்சுத் தூசியில் நின்றதற்கு மில் கொடுத்த கிராஜுவிட்டி. நாம் கேட் கூட்டம் போட்டு வாங்கிக் கொடுத்த பணம். அதை உங்களிடம் இழக்கவா நாம் மில்லோடு சண்டை போட்டோம்?" என்று கேட்டேன். மூன்று வருஷ வட்டி என்ன செய்வது என்று அவர் கேட்டார். அது நீங்களும் அவரும் பேச வேண்டியது, லே-ஆஃப் நாட்களின் வட்டியைத் தள்ளச் சொல்லி நான் வேண்டுமானால் கேட்கிறேன் என்றேன்.

புதன்கிழமை மாலை இருவரும் சங்கத்துக்கு வந்தார்கள். பெரியவர் நோட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். காலாவதியான சங்கதியே அவருக்கு அன்றுதான் தெரியும். ஒரு வருஷ வட்டி போதும் என்றார். ஒரு வெள்ளைத் தாளில், அசலும் அந்த வட்டியும் சேர்த்து 44,800 ரூபாய், மாசம் 1,500 வீதம் தருவதாகத் தோழர் எழுதிக் கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடியபோது, சிக்கனச் சங்க விவகாரத்தில் மாட்டிக்கொண்ட அந்தப் பழைய ஜாமீன்தாரர் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கமிட்டிச் செயலாளரும் போட்டோம்.